ஊர் கொடுத்த தனிமை

மலைக்காட்சி வரைபவள் என்று மதுரையில் யாரிடமாவது சொன்னால், கொடைக்கானலுக்கு அடிக்கடி போவீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். நீல மலை, அதன் இடுப்பில் பனிமூட்டம், ஓர் அருவி, கரையில் கண்மூடி அமர்ந்திருக்கும் ஒரு முனிவர் என்று ஆன்மிகத் தனிமைக்கு நம் எல்லார் மனத்திலும் ஒரே அச்சு பதிந்திருக்கிறது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் நாள்காட்டிகளுக்காக வரைந்த தெய்வப் படங்களின் பின்னணிகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. அவற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவற்றின் மேல் இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் யானைமலை, நாகமலை, சமணர் மலை, திருப்பரங்குன்றம் என்று மதுரையைச் சுற்றி நிற்பவை அந்த அச்சுக்குள் அடங்குவதில்லை. அவை சமவெளியிலிருந்து திடுமென எழும் மொட்டைப் பாறைகள்; அவற்றின் அடியில் கண்மாய், பனை, கருப்பசாமி கோயில், ஆட்டுக்கிடை, டீக்கடை என்று ஊர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த மலைகளைத்தான் பல ஆண்டுகளாக வாட்டர் கலரில் வரைந்து வருகிறேன். இவற்றில் தனிமை உண்டா, உண்டென்றால் அதைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது என்பது குறித்து என் கண்ணுக்கும் கைக்கும் தெரிய வந்ததை இங்கே எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கீழக்குயில்குடிக்குப் போகச் சொல்வது என் வழக்கம். சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளமும், அய்யனார் கோயிலும், விழுது விட்ட பெரிய ஆலமரமும் இருப்பதால் நிழலுக்கும் காட்சிக்கும் பஞ்சமில்லை. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக நிற்பதையும், அவற்றின் அடியில் வட்டெழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதையும் பார்க்கலாம். மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆகவே தூரிகை கழுவிய நீரைப் பாறையில் ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் வீட்டுக்கே எடுத்து வந்துவிட வேண்டும். சுனைப் பக்கம் போகவே கூடாது. வண்ணம் சிந்தினால் நம் துணியிலிருந்து போவதைவிடப் பாறையிலிருந்து போவது கடினம்.

எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு எனக்கு உதவியவர் சீன ஓவியர் குவோ ஷீ. வடக்குச் சோங் அரசர்கள் காலத்தில், பதினொன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் 1072-இல் வரைந்த ‘தொடக்க வசந்தம்’ என்னும் பட்டுத்துணி ஓவியம் இப்போது தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலையைப் பார்க்க மூன்று தொலைவுகள் உண்டு என்று அவர் வகுத்தார்: அடியில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்மலைக்கு ஊடாகப் பின்மலையை எட்டிப் பார்ப்பது, அருகிலிருந்து தொலைமலை வரை மட்டமாகப் பார்வையை ஓட்டுவது. மதுரைக்காரர்களுக்கு இந்த மூன்றும் ஒரு நாள் சுற்றுக்குள்ளேயே கிடைக்கின்றன. ஒத்தக்கடைப் பக்கம் நின்று யானைமலையைப் பார்த்தால் கழுத்து வலிக்கும், முதலாவது அதுதான். சமணர் மலையின் மேலிருந்து பார்க்கும்போது ஒரு பாறையின் தோளுக்குப் பின்னால் இன்னொரு பாறையும் வயலும் குடியிருப்பும் நாகமலையும் அடுத்தடுத்து விலகிச் செல்வது இரண்டாவது. வயல்வெளியில் நின்று நீண்டு கிடக்கும் நாகமலையைப் பார்ப்பது மூன்றாவது. எதை வரைகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும். அண்ணாந்து பார்க்கும் காட்சிக்குத் தாளை நெட்டுக்கு வைத்து, அடிவானத்தைத் தாளின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் போட்டால் பாறையின் எடை இறங்கும். மட்டப் பார்வைக்குத் தாளைக் கிடையாக வைத்து வானத்துக்குத் தாராளமாக இடம் விட வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் மலை மேசைமேல் வைத்த கல்லாகிவிடும்.

தனிமை என்ற உணர்வு ஏறக்குறைய முழுவதும் தொலைவிலிருந்து பிறப்பது என்பது என் எண்ணம். தொலைவைக் காட்டுவதற்கு எல்லாப் பாடநூல்களும் ஒரே வழியைத்தான் சொல்கின்றன. தூரம் கூடக் கூட நீலம் கூட்டு என்கின்றன. காற்றின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் தூய காற்றில் அது உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் காலையில் சிறுமலையும் அழகர்மலையும் நீலமாகவே நிற்கும்; அன்று கோபால்ட் புளூவைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் பங்குனி, சித்திரையில் சமவெளி முழுவதும் புழுதி மிதக்கும்போது, அந்தப் பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரிச் சிதறடிப்பதால், தூரத்து மலை நீலமாவதில்லை. வெளுத்து, சற்றே மஞ்சள் பாய்ந்து, வானத்தோடு கரைந்துவிடும். அந்தக் காலத்து மலைக்கு நான் எல்லோ ஆக்கர் என்னும் மண்மஞ்சளை மிக நீர்த்து முதலில் தாள் முழுவதும் பூசிவிட்டு, அது காய்ந்த பிறகு அல்ட்ராமரைன் என்னும் ஆழ்ந்த நீலமும் லைட் ரெட் என்னும் செம்மண் சிவப்பும் கலந்த சாம்பலை ஒரே ஒரு முறை இழுக்கிறேன். மலை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவர் ஒரு கணம் தயங்கும் அளவுக்கு அது மெலிதாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் நீலத் தொலைமலையை வரைந்து வைத்தால், மலையடி ஊர்க்காரர் யாரும் அது தங்கள் மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பனிமூட்டத்துக்கும் இங்கே ஒரு மாற்று உண்டு. சீன ஓவியர்கள் மலையின் அடிவாரத்தை மூடுபனியால் மறைத்து உச்சியை மட்டும் மிதக்க விடுவார்கள். மலை மண்ணை விட்டு எழுந்து நிற்பதாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். கீழக்குயில்குடியில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஆடுமாடுகள் திரும்பும்போது எழும் புழுதி, சாயும் வெயிலில் இதே வேலையைச் செய்கிறது. பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, உச்சியில் அடர்த்தியாகத் தொடங்கி, கீழே வர வரத் தூரிகையில் வண்ணத்தைக் குறைத்து, அடிவாரத்தில் வெறும் நீரால் முடித்தால் அந்தப் புழுதி தானே வந்துவிடும். நீரில் துளி பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு இருந்தால் இன்னும் நல்லது. நம் படத்தில் மலையை மிதக்க விடுவது ஆட்டுக்கால் புழுதி என்பது எனக்கு மிகவும் பிடித்த உண்மை.

வெயிலில் வரைவதற்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும். மதுரையின் உலர்ந்த காற்றில் பூச்சு பாதி வழியிலேயே காய்ந்து, விளிம்பில் கோடு கட்டிவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளை இரு பக்கமும் நன்றாக நனைத்து, அக்ரிலிக் தகட்டின் மேல் ஒட்டினாற்போல் விரித்து, மேலே தேங்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்தபின் தொடங்கினால் பெரிய பூச்சுகளை முடிக்கும் வரை ஈரம் தாங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினைக் கலக்கும் நீரில் சில சொட்டு விடலாம். அதிகமானால் படம் வீட்டுக்கு வந்தும் பிசுபிசுக்கும். பெரிய தட்டைத் தூரிகை ஒன்றும், நுனி கூர்மையான வட்டத் தூரிகை ஒன்றும் போதும். வண்ணங்களை வீட்டிலேயே தாராளமாகப் பிதுக்கி வைத்துக்கொண்டு போவது நல்லது, ஏனெனில் வெயிலில் கஞ்சத்தனமாகக் கலக்கிய வண்ணம் நடுவழியில் தீர்ந்துவிட்டால் அதே நிறத்தை மீண்டும் கலக்கிப் பிடிக்க முடியாது. பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வரைவதே இல்லை. உடம்புக்காக மட்டுமல்ல, உச்சி வெயிலில் பாறை நிழலே இல்லாமல் தட்டையாகிவிடும்.

பாறையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது அவசியம். மொட்டைப் பாறை என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அதன் மேற்பரப்பு வெறுமையாக இல்லை. வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்த விளிம்புகள், அந்த விளிம்பின் கீழ் மெல்லிய கத்தி நிழல், பிளவில் வேர் விட்ட இச்சிச்செடி, உச்சியிலிருந்து இறங்கும் கரிய மழைத்தடங்கள் ஆகியவை இருக்கின்றன. மழைநீர் வழியும் பாதையில் பாசியும் கற்பாசியும் வளர்ந்து கறுப்பதால் உண்டாகும் இந்தத் தடங்கள்தான் மலையின் உடல் வளைவை நமக்குச் சொல்கின்றன. அவற்றை நேர்கோடாக இழுத்தால் பாறை சுவராகிவிடும். யானைமலையின் முதுகில் அவை முதலில் ஏறக்குறைய படுத்து, வளைவில் திரும்பி, பிறகு செங்குத்தாக விழுவதைக் கவனித்து வரைந்தால் நிழலே போடாமல் உருட்சி கிடைக்கும். அல்ட்ராமரைனுக்குத் தாளில் மணல்போல் படியும் குணம் இருப்பதால், பர்ன்ட் சியன்னாவோடு கலந்து ஈரத்தில் விட்டுவிட்டால் பாறையின் சொரசொரப்பை அதுவே தந்துவிடும். நாம் புள்ளி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தூறல் விழுந்த பாறை கறுத்துப்போனாலும் அதன் மேல் வளைவு வானத்தை வாங்கிப் பளபளக்கும். அந்த இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட வேண்டும்.

இவ்வளவும் தொழில்நுட்பம். இனி தனிமைக்கு வருகிறேன். பெண்ணொருத்தி தனியாக ஒரு மலையடியில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது நம் ஊரில் அவ்வளவு எளிதல்ல. இளைஞர்கள் பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். நலம் விரும்பிகள் வீட்டில் யாரும் வரவில்லையா என்று கேட்பார்கள். சிலர் நிலம் அளக்க வந்த அதிகாரி என்று நினைத்துப் பட்டா விவகாரம் பேசுவார்கள். முதலில் டீக்கடையில் ஒரு டீ குடித்து, எந்தப் பக்கம் உட்காரப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். வீட்டிலும் அந்த இடத்தைச் சொல்லியிருப்பேன். பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக, ஆனால் பாதைக்கு முதுகு காட்டாத இடமாகத் தேர்ந்தெடுப்பேன். பாறைத் தோளின் மறுபக்கம் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தனியாகப் போவதில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் வந்து, “ஏன் தாயி, ஒத்தையிலயா வந்திருக்க?” என்று கேட்டார். ஆமாம் அப்பத்தா என்றேன். “நீ பாட்டுக்கு வரை. நான் இந்தாக்குல இந்தப் பொட்டல்லதான் மேய்ப்பேன்” என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளிப் பனையடியில் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆடுகளை அதட்டும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது. தோளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வரைந்த நாள்களில் கிடைக்காத ஓர் அமைதி அன்று கிடைத்தது. கண் மலையிலேயே நிற்கிறது, கை தானாகப் போகிறது, நேரம் போவது தெரியவில்லை. இதைத்தான் நூல்களில் ஏகாந்தம் என்கிறார்கள் என்றால், எனக்கு அது ஆளில்லாத இடத்தில் வாய்த்ததல்ல. ஒருவர் பக்கத்தில் இருந்து காவல் காத்ததால் வாய்த்தது. கிளம்பும் முன் படத்தை அவரிடம் காட்டினேன். “மலை சரியாத்தான் இருக்கு. கருப்பனை எங்க காணோம்?” என்றார். கோயில் தாளின் எல்லைக்குள்தான் வந்திருக்க வேண்டும். அமைதியைக் குலைக்கும் என்று நான் அதை விட்டிருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அழகர்மலைக் குகைத்தளத்தின் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். அங்கே துறவிகள் படுக்க வெட்டிய கற்படுக்கைகளின் அருகில் பொறித்திருப்பவை பெரும்பாலும் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள்: உப்பு வணிகன், பாணிதம் என்னும் சர்க்கரைப் பாகு விற்றவன், அறுவை என்னும் துணி விற்றவன், கலப்பைக்குக் கொழு விற்றவன், பொன் கொல்லன். அவர்களில் சிலர் மதுரையைச் சேர்ந்தவர்கள் என்று கல்வெட்டே சொல்கிறது. மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும் வெள்ளறை வணிகர் குழுவின் பெயரும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒருவர் தனித்திருந்து தவம் செய்வதற்கான படுக்கையைக் கடைத்தெருதான் வெட்டிக் கொடுத்திருக்கிறது. குகைகளுக்குப் பிச்சைப் பாத்திரத்தோடு இறங்கிப் போகும் தூரத்தில் ஊர் இருந்தது. அதனாலேயே அவை வாழத் தக்க குகைகளாக இருந்தன. மலை ஓவியத்தில் நடக்கவும், பார்க்கவும், உலவவும், குடியிருக்கவும் முடிய வேண்டும் என்று குவோ ஷீ கேட்டதும் இதைத்தான்.

ரமணருக்கு நேர்ந்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1896-இல், பதினாறு வயதில், மரணத்தை நேருக்கு நேர் பார்த்த அந்த அனுபவம் அவருக்கு அருணாசலத்தில் வாய்க்கவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், உறவினர் வீட்டு மாடியறையில் வாய்த்தது. மலைக்கு அவர் போனது அதற்குப் பிறகுதான். தனிமை மனத்தில் இருக்கிறது, காட்டிலிருந்தும் அதை இழக்கலாம், கூட்டத்திலிருந்தும் அதைப் பெறலாம் என்ற பொருளில் பிற்காலத்தில் தம்மிடம் கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். திருப்பரங்குன்றத்துக்குப் போனால் இதையே இலக்கியத்தின் வழியாகவும் உணரலாம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், அந்தக் குன்றில் வரையப்பட்டிருந்த ஓவியங்களைச் சுட்டி, இவள் ரதி, இவன் காமன், இந்திரன் பூனையாகிப் போன கதை இது, இவள் அகலிகை என்று கூட்டம் கேட்டும் சொல்லியும் நகர்கிறது. நம் நாட்டில் மலையும் ஓவியமும் முதலில் சேர்ந்த இடங்களில் ஒன்றில் கூட்டம் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், சுற்றுலாக் கூச்சலுக்கு நடுவே வரைவது அவ்வளவு எரிச்சலூட்டாது. (எரிச்சல் முழுவதும் போய்விடும் என்று சொல்லவில்லை, செல்பேசியில் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு மலையேறுபவர்களைப் பரிபாடல் புலவர் பார்த்ததில்லை.)

ஆகவே இப்போது என் படங்களில் ஊரை விடுவதில்லை. மின்கம்பியைக்கூட மெல்லிய கோடாகச் சில வேளைகளில் வைக்கிறேன். செய்ய வேண்டியதெல்லாம் ஊரை ஒரே நிறச் செறிவுக்குள் அடக்குவதுதான். கண்ணை இடுக்கிப் பார்த்தால், அல்லது செல்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தால், பனையும் கூரையும் கோயில் சுவரும் சேர்ந்து ஒரே கரிய பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையை ஒரே மூச்சில் ஈரத்தோடு ஈரமாகப் பூசிவிட்டு, கோயிலின் சுண்ணாம்புச் சுவருக்கும் குதிரைச் சிலையின் முதுகுக்கும் மட்டும் தாளின் வெண்மையை விட்டால் போதும். மேலே பாறையை அகலமாக, விவரம் குறைத்து வைக்க வேண்டும். விவரம் கீழே நெருங்கியும் வெளி மேலே விரிந்தும் இருக்கும்போது மலையின் மௌனம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வகை மலையும் எதிர்ப்படும். கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த குன்றுகளில் ஒரு பக்கம் மழைத்தடமும் வளைவுமாக இருக்க, மறுபக்கம் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நேராகவும், துளையிட்ட தடங்கள் வரிவரியாகவும், பூஞ்சை படியாத வெளிர் நிறமாகவும் இருக்கும். அதையும் அப்படியே வரைய வேண்டும் என்பது என் கட்சி. வளைவை மட்டும் வரைந்து அறுபட்ட பக்கத்தை மறைப்பது மலைக்குச் செய்யும் மரியாதையாகாது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் வல்லூறுகளும் இருக்கும் குன்றுகளைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தபோது ஊர்கள் திரண்டு நின்றன. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டது. அங்கு அமைதியாக உட்கார்ந்து வரைகிறவர்கள் அந்த அமைதி எப்படி மிச்சமானது என்பதை அறிந்திருப்பது நல்லது.

கடைசியாக ஆள் உருவம். மலைப்படத்தில் ஆளை வைப்பதா வேண்டாமா என்பது பழைய வழக்கு. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிஷ் 1818-ஐ ஒட்டி வரைந்த புகழ்பெற்ற படத்தில், ஒருவர் பாறை உச்சியில் நமக்கு முதுகு காட்டி மூடுபனிக் கடலைப் பார்த்து நிற்கிறார். படத்தின் நடுவே அவர்தான் இருக்கிறார், மலை அவருக்காக விரிகிறது. நான் ஆளை ஓரத்தில், கீழே, சிறிதாக வைக்கிறேன். அளவு தவறாமல் இருக்க முதலில் பனையை வரைந்துகொள்வது நல்ல வழி. முதிர்ந்த பனை 20 மீட்டருக்கு மேலும் வளரும் என்பதால் அதன் அடியில் நிற்கும் ஆள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்திருந்தால் இன்னும் பாதி. காவி உடுத்திய சாமியாரை நான் வைப்பதில்லை, ஏனெனில் அப்படி ஒருவரை அங்கே பார்த்ததில்லை. அப்பத்தாவைத்தான் வைக்கிறேன். அவர் மலைக்கு முதுகு காட்டி ஆடுகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவரைத் திருப்பி மலையைப் பார்க்க வைக்க எனக்கு மனம் வருவதில்லை. சேலைக்கு லைட் ரெட்டில் ஒரு தீற்றல், தலைக்கு அது காயும் முன்பே அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த ஒரு புள்ளி, நிழலுக்குக் கிடையாக ஒரு கோடு, அவ்வளவுதான். ஆடுகளுக்குக் கால் வரையத் தேவையில்லை. புழுதியில் அவை தெரிவதுமில்லை.